சுவர்ச் சிலந்திக்குப் பெயர் தேடி ஒரு நுண்ணோக்கியைப் பழுது பார்த்தது

எங்கள் வீட்டு அடுப்படியில், அரிசிப் பானை இருக்கும் மூலைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்துக்கொண்டு ஒரு சிலந்தி எப்போதும் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அது வலை பின்னுவதில்லை. இரவில் கரப்பான்பூச்சி ஒன்று பானைக்கு அடியிலிருந்து தலைநீட்டினால் ஒரே பாய்ச்சலில் பிடித்துக்கொண்டு மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விடும். அப்பாயி அதை அடிக்க விடமாட்டார். "கரப்பானைத் தின்னுறதை அடிச்சுட்டா, அப்புறம் கரப்பானை யாருடா பிடிப்பா?" என்பார். பர்மாவின் மோல்மீனில் தமிழர் வீடுகளில் இதை எட்டுக்கால் பூச்சி என்றுதான் சொல்வோம்; பர்மிய மொழியில் எந்தச் சிலந்தியானாலும் பிங்கூதான். வலை கட்டாமல் ஓடிப் பிடிக்கும் இந்தக் குடும்பத்தை வேட்டைச் சிலந்தி என்று தமிழில் எழுதுவது பொருத்தமாக இருப்பதால், அந்தப் பெயரையே இங்கும் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக இந்தச் சிலந்திகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தேன். எங்கள் வீடு, கோயில் மடைப்பள்ளி, ஆற்றங்கரைக் கிட்டங்கிகள், முடோன் பக்கம் மாமாவின் ரப்பர் தோட்டம், அட்டரான் ஆற்றுக்கு அப்பால் வயலிலிருந்து நெட்டுக்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் என்று ஏறத்தாழ இருநூறு படங்கள் சேர்ந்தன. அவற்றையெல்லாம் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்து, பழுப்பு நிறத்தது ஓர் இனம், சாம்பல் நிறத்தது இன்னோர் இனம், முதுகில் கறுப்புக் கோடு உள்ளது மூன்றாவது இனம் என்று நிறத்தை வைத்தே பிரித்திருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரைபடத்தில் பாதிக்கு மேல் தவறு என்பதை அறிந்துகொள்ள, பழைய நுண்ணோக்கி ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, செத்த சிலந்திகளைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

படம் ஏன் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்டைச் சிலந்திகள் அடங்கிய ஸ்பாராசிடே குடும்பத்தில் இதுவரை 1,400-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு சிலந்தி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானா என்று சொல்வது எளிது. நான்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டுக் கண்கள், நண்டைப் போலப் பக்கவாட்டில் திரும்பிய கால்கள், பாதத்துக்கு முந்தைய கணுவின் முனையில் மூன்று மடலாகப் பிரிந்த மெல்லிய சவ்வு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அந்தச் சவ்வு இருப்பதால்தான் பாதத்தை மேல்நோக்கி மடக்க முடிகிறது. ஆனால் எந்த இனம் என்று சொல்ல நிறமும் கோடும் உதவுவதில்லை. ஆணுக்கு வாயருகே உள்ள உணர்கையின் நுனிக் குமிழையும், பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கும் இனப்பெருக்கத் தகட்டையும் பார்த்தாக வேண்டும். அந்தத் தகடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே இருக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் சிலந்தியை மேலிருந்து எடுத்த இருநூறு படங்களில் ஒன்றில்கூட அது தெரியவில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரங்கூனில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் இருகண் நுண்ணோக்கி ஒன்று கிடைத்தது. கண்வில்லை 10 மடங்கு, கீழே உள்ள வில்லைகள் 2 மடங்கும் 4 மடங்கும். ஆக 20 மடங்கிலும் 40 மடங்கிலும் பார்க்கலாம். விற்றவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். நானும் கடை வெளிச்சத்தில் வலக்கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு நம்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது இடப்பக்கக் குழாயில் பனிமூட்டம் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது, குமிழைத் திருகினால் தலைப்பகுதி அசையவே இல்லை, விளக்கின் மின்மாற்றி கருகிப்போயிருந்தது. ஆண்டுக்கு நான்கு மீட்டருக்கும் மேல் மழை கொட்டும் ஊருக்கு இப்படிப்பட்ட கருவியைக் கொண்டுவருவதே ஒரு துணிச்சல்தான்.

பூஞ்சையிலிருந்து தொடங்கினேன். கண்வில்லைகளைப் பிடித்திருக்கும் வளையங்களில் எதிரெதிராக இரண்டு சிறு பள்ளங்கள் இருக்கும். அவற்றில் மாட்டித் திருகுவதற்குத் தனிக்கருவி உண்டு. அது இல்லாததால் பள்ளிக்கூடக் கணக்குப் பெட்டியிலிருந்த கவராயத்தின் இரண்டு முனைகளையும் அரத்தால் தட்டையாக ராவிக்கொண்டேன். வேண்டிய அகலத்துக்குத் திறந்து, அசையாமலிருக்க நடுத்திருகை இறுக்கினால், அதைவிடப் பொருத்தமான திருகி கிடைக்காது. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கினேன். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டில் தரை துடைக்க வைத்திருக்கும் அம்மோனியாக் கரைசலும் சரிபாதியாகக் கலந்து, பஞ்சுக்குச்சியில் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு வடிநீர், அதன் பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வது நல்லது, நெடி கண்ணைக் கரிக்கும். பூஞ்சை போய்விட்டது. ஆனால் அது நெடுங்காலம் இருந்த இடங்களில் வில்லையின் மேற்பூச்சை அரித்துச் சிலந்தி வலை போன்ற ஒரு தடத்தை விட்டிருந்தது. சிலந்தி பார்க்க வாங்கிய கருவியில் அந்தக் கோலம் இருப்பது எனக்கு ஏற்புடையதாகவே பட்டது. பார்வையை அது கெடுக்கவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு தவறு செய்தேன். வில்லைகளோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் பட்டகங்களையும் துடைத்துவிடலாம் என்று அவற்றின் திருகுகளைத் தளர்த்தினேன். திரும்ப இறுக்கிய பிறகு, ஒரு சிலந்தி இரண்டாகத் தெரிந்தது, அதுவும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. இரண்டு கண்ணுக்கும் வரும் உருவங்கள் பக்கவாட்டில் சற்று விலகியிருந்தால் கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். மேலும் கீழுமாக விலகினால் சேர்க்க முடியாது, பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். சரிசெய்ய மூன்று மாலைகள் ஆயின. வரைதாளில் இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தை 40 மடங்கில் வலக்கண் பார்வையின் நடுவில் நிறுத்தி, இடக்கண்ணால் பார்த்து, பட்டகத்தின் திருகை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி, விரல் நகத்தால் தள்ளி, மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். இறுக்கும்போது அது கொஞ்சம் நகரும் என்பதால், நகரும் அளவை மனத்தில் வைத்து முன்கூட்டியே எதிர்ப்பக்கம் தள்ளிவைக்கக் கற்றுக்கொண்டேன். பட்டகம் அழுக்காக இல்லாதவரை அதைத் தொடாமலிருப்பதே உத்தமம்.

குமிழ் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் அசட்டுத்தனம் நடந்தது. பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்ததால் பற்சட்டத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, தையல் எந்திர எண்ணெய் விட்டுப் பூட்டினேன். குமிழ் வெண்ணெய் போலச் சுழன்றது. ஆனால் கையை எடுத்தவுடன் தலைப்பகுதி தன் எடையாலேயே மெல்ல இறங்கி, நான் பார்த்துக்கொண்டிருந்த தகடு மங்கிப்போனது. எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கெட்டியான கிரீஸ் போட்டேன். இறக்கம் குறைந்தது, நிற்கவில்லை. சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை மடித்து ஆப்பு வைத்துப் பார்த்தேன். கடைசியில் சந்தைத் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். சயா என்றுதான் அவரைத் தெருவே கூப்பிடும். அவர் எதையும் கழற்றவில்லை. இரண்டு பக்கக் குமிழ்களையும் இரண்டு கைகளால் பிடித்து, ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் ஒரே நேரத்தில் திருகினார், பிடிமானம் இறுகிவிட்டது. இந்த வகைக் கருவிகளில் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி அதுதானாம். காசு வேண்டாம் என்றவர், ட்யூப் ஆப்பை மட்டும் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

விளக்குக்கு மின்மாற்றி தேடுவதை விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது வரும் என்பதை வைத்து எந்த வேலையும் திட்டமிட முடியாது. ஆகவே 5 வோல்ட்டில் எரியும் சிறிய எல்.இ.டி. பட்டையை வளையமாக வளைத்துப் பவர் பேங்கில் செருகினேன். நேரடி வெளிச்சத்தில் சிலந்தியின் மயிர்கள் ஒவ்வொன்றும் ஊசி போலப் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்தன. ஒரு பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி, உச்சியில் துளையிட்டு, மாதிரிக்கு மேல் கவிழ்த்தபின் வெளிச்சம் பால் போலப் பரவியது. கைப்பேசியைக் கண்வில்லையில் பொருத்த பி.வி.சி. குழாய்த் துண்டும் மூடியும் போதுமானவையாக இருந்தன. கண்வில்லைக்கும் கைப்பேசி வில்லைக்கும் இடையே உள்ள தூரம் சற்றுப் பிசகினாலும் படத்தின் ஓரம் கறுத்துவிடும் என்பதால், குழாயை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே உருப்பெருக்கத்தில் அரை மில்லிமீட்டர் கோடுள்ள எஃகு அளவுகோலையும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அளவில்லாத படம் எனக்கும் பயன்படாது, பிறருக்கும் பயன்படாது.

அடுத்த கேள்வி, மாதிரிகள். உயிரோடு பிடித்துக் கொல்வதற்கு வீட்டில் அனுமதி இல்லை, எனக்கும் மனமில்லை. மழைக்காலத்தில் டெங்குக் கொசுவுக்காகத் தெருவில் புகை அடிப்பார்கள், மறுநாள் காலையில் கரப்பான்களோடு சிலந்திகளும் தரையில் மல்லாந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கினேன். அதற்கு முன்பே, சுவர் மூலைகளில் தொங்கும் உரித்த சட்டைகளை நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். சட்டையில் கண், பல், கால் மயிர் என அனைத்தும் அச்சுப் பிசகாமல் பதிந்திருப்பதால் இனப்பெருக்கத் தகடும் அதில் இருக்கும் என்பது என் கணக்கு. நாற்பது சட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, விரித்து, அட்டையில் ஒட்டிய பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. இந்தச் சிலந்திகள் முதிர்ச்சி அடைவதே கடைசிச் சட்டையைக் கழற்றும்போதுதான். அதன் பிறகு அவை உரிப்பதில்லை. ஆகவே சுவரில் தொங்கும் எந்தச் சட்டையும் முதிராத சிலந்தியுடையதுதான், அதில் முழுமையான தகடு இருக்க வழியே இல்லை. அந்த நாற்பது அட்டைகளையும் தூக்கி எறியவில்லை. தாடைப் பற்களின் எண்ணிக்கையைப் பார்க்க அவை நன்றாக உதவுகின்றன. வேட்டைச் சிலந்திகளில் ஹெட்டரோபோடா என்ற பேரினத்தில் கொடுக்குத்தாடைப் பள்ளத்தின் முன்விளிம்பில் மூன்று பற்கள், பின்விளிம்பில் நான்கு, இடையே மணல் தூவியது போலப் பொடிப்பற்கள். 40 மடங்கில் அதைப் பார்ப்பது, பூட்டின் உட்புறத்தைப் பார்ப்பது போல இருக்கும்.

செத்த சிலந்தியை 75 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 95 சதவீத ஸ்பிரிட் 79 மில்லிலிட்டருடன் வடிநீர் ஊற்றி 100 மில்லிலிட்டராக்கினால் சரியாக வரும். அதைக் கிண்ணத்தில் ஊற்றி மாதிரியை வைத்தால் மிதந்து புரளும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கைத்தூய்மிக் கூழ் ஒரு துளியைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, அதில் சிலந்தியை வேண்டிய கோணத்தில் பதித்து, மேலே ஆல்கஹாலை மெல்ல ஊற்றினால் அசையாது நிற்கும். பெண்ணின் தகட்டை வெளியிலிருந்து பார்ப்பது முதல் படி. உள்ளே இருக்கும் விந்துப்பைகளும் குழாய்களும் எப்படிச் சுருண்டிருக்கின்றன என்பதைப் பார்க்கத் தகட்டை ஊசியால் நறுக்கி எடுத்து, பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய தசையைச் சுரண்டிவிட்டு, ஊடுருவிப் பார்க்கத்தக்கதாக ஆக்க வேண்டும். அதற்கு அப்பாயியின் அலமாரியில் பல்வலிக்கு வைத்திருந்த கிராம்புத் தைலமே போதும். சிலந்தி ஆய்வாளர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தபோது முதலில் நம்பவில்லை. தைலத்தில் போட்ட சிறிது நேரத்தில் கலங்கல் நிறம் கரைந்து, பழுப்புக் கண்ணாடி போல ஆகி, உள்ளே இருக்கும் குழாய்கள் கோடு கோடாகத் தெரியத் தொடங்கும். பார்த்து முடித்ததும் ஆல்கஹாலில் கழுவி, அதே சிலந்தியோடு அதே குப்பியில் ஒரு சிறு குழாயில் இட்டுவிட வேண்டும். தைலப் புட்டி காலியாகிக்கொண்டே போவதை அப்பாயி கவனித்தார். பல்வலி எனக்குத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீடு, மடைப்பள்ளி, கிட்டங்கி ஆகிய இடங்களில் பொறுக்கிய 31 முதிர்ந்த சிலந்திகளைப் பார்த்து முடித்தபோது வந்த விடை எளிமையானது. பழுப்பு, சாம்பல், முதுகுக் கோடு என்று நான் மூன்றாகப் பிரித்தவை அனைத்தும் ஒரே இனம். ஹெட்டரோபோடா வெனட்டோரியா. கண்களுக்குக் கீழே முகத்தின் குறுக்கே வெளிர்மஞ்சள் மீசை போன்ற பட்டை உள்ள பருமனானவை பெண்கள். ஒல்லி உடம்பும் நீண்ட கால்களும் கறுப்புக் கோடும் உள்ளவை ஆண்கள். சாம்பல் நிறத்தவையோ சட்டை உரித்து நெடுநாள் ஆன கிழங்கள். லின்னேயஸ் 1767-இல் பெயரிட்ட இனம் இது. வெப்பமண்டல ஆசியாவே இதன் தாயகம் என்று கருதப்படுகிறது. ஆனால் இன்றைக்கு மடகாஸ்கர், கரீபியன் தீவுகள், ஹவாய், புளோரிடா என்று குளிர் இல்லாத கரைகளிலெல்லாம் மனிதர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வாழைத்தாரோடு கப்பலேறிப் போனதால் பல ஊர்களில் இதற்கு வாழைச் சிலந்தி என்றே பெயர். தட்டையான உடம்பு எந்த இடுக்கிலும் நுழையும். பெண் தன் முட்டைப்பையைத் தட்டையான வட்டமாகச் செய்து, உணர்கைகளால் வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டே திரியும், அந்த ஒரு பையில் இருநூறு குஞ்சுகள் வரை இருக்கலாம். பயணம் போக இதைவிட என்ன வேண்டும்? தேக்கும் அரிசியும் ஏற்றிய துறைமுகம் மோல்மீன். எங்கள் முன்னோர் வந்திறங்கிய அதே துறையில் இந்தச் சிலந்தி ஏறியதா இறங்கியதா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

சிலந்தி மேலே ஊர்ந்தால் உடம்பில் தடித்துக் கொப்பளிக்கும் என்று சொல்லி, அண்டை வீட்டு அக்கா என் குப்பிகள் இருக்கும் பக்கமே வரமாட்டார். அந்தக் கோடு கோடான கொப்புளத்துக்குக் காரணம் சிலந்தி அல்ல. விளக்கைத் தேடி வரும் பெடரஸ் என்ற சிறு வண்டைத் தோலில் வைத்து நசுக்கும்போது வெளிவரும் நஞ்சுதான் அது. சொல்லிப் பார்த்தேன். குப்பிகளைக் கூரைப் பரணுக்கு மாற்றுவது எளிதாக இருந்தது.

வீட்டிலிருந்து வெளியே போனால் கதை மாறுகிறது. சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் நெற்றி விளக்கோடு இரவில் நடந்தபோது, விளக்கொளி பட்டுச் சிலந்திகளின் கண்கள் பொட்டுப் பொட்டாக மின்னின. அங்கே புத்தர் சிலைகள் இருப்பதால் எதையும் எடுக்கக்கூடாது, படம் மட்டும் எடுத்துக்கொள் என்று மடத்துப் பிக்கு சொன்னார், அப்படியே செய்தேன். வெளிர்ந்த உடம்பு, வீட்டுச் சிலந்தியைவிட நீண்டு மெலிந்த கால்கள், முகத்தில் மீசைப் பட்டை இல்லை. கண்களின் அமைப்பைக் கொண்டு ஹெட்டரோபோடா பேரினம் என்று எழுதலாம். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. குகைகளில் இந்தப் பேரினம் என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு லாவோஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2001-இல் பீட்டர் ஜேகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அங்கிருந்து விவரித்த ஹெட்டரோபோடா மாக்சிமாவின் கால் விரிப்பு 30 சென்டிமீட்டர் வரை போகிறது. உணவுத் தட்டை மறைக்கும் அளவுள்ள ஒரு சிலந்தி, 21-ஆம் நூற்றாண்டு வரை அறிவியல் பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது. அதே லாவோஸ் குகை ஒன்றிலிருந்து அவரே 2012-இல் விவரித்த சினோபோடா ஸ்குரியானுக்கு எட்டுக் கண்களில் ஒன்றுகூட இல்லை. கண்வரிசையை வைத்துப் பேரினம் பிரிக்கலாம் என்று நம்பியிருந்த எனக்கு அது நல்ல அடி.

ஆசியாவில் இந்தக் குடும்பம் பரவியிருக்கும் விதத்தைப் படிக்கப் படிக்க, என் பழைய வரைபடம் எவ்வளவு வெகுளியானது என்று புரிந்தது. ஒரு பக்கம், வெனட்டோரியாவைப் போலப் பாதி உலகத்தில் பரவிய ஒற்றை இனம். பச்சை நிற மிக்ரோமாட்டா விரெசென்ஸ் ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா வரை புல்வெளிகளில் நீண்டு கிடக்கிறது. மறுபக்கம், 2000-இல்தான் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்ட சூடோபோடா. இமயமலை, தென்சீனா, பர்மாவின் வடமலைகள், லாவோஸ், தாய்லாந்து என்று ஈரமான மலைக்காடுகளில் இதன் இனங்கள் குவிந்திருக்கின்றன. இருநூறுக்கும் அதிகமான அவற்றில் பல, ஒரே மலை அல்லது ஒரே பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் கண்டெடுக்கப்பட்டதில்லை. உதிர்ந்த இலைகளுக்கடியிலும் பாறை இடுக்கிலும் வாழும் இவற்றுக்கு வறண்ட தாழ்நிலம் கடலைப் போன்றது, கடந்து போக முடியாது. மரப்பட்டையின் பாசியோடு நிறம் கலந்து மறையும் பாண்டெர்செட்டெஸ் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது, நியூகினியிலும் இருக்கிறது. நிறத்துக்காகப் பேர்பெற்றது மலேசியாவின் ஹெட்டரோபோடா டேவிட்பொவி. செம்மஞ்சள் மயிரைப் பார்த்து 2008-இல் பாடகர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். அதற்கும் பெயர் நிலைத்தது உணர்கைக் குமிழைப் பார்த்த பிறகுதான்.

பரவல் வரைபடத்தில் உள்ள புள்ளிகள் சிலந்தி இருக்கும் இடங்களை மட்டும் காட்டுவதில்லை. சேகரித்தவர் நடந்த வழியையும் காட்டுகின்றன. பர்மாவுக்கு இது நன்றாகப் பொருந்தும். லியோனார்டோ ஃபேயா என்ற இத்தாலியர் 1885 முதல் 1889 வரை வடக்கே பாமோவிலிருந்து தெற்கே தெனாசரிம் வரை அலைந்து, எங்கள் மோல்மீன் வழியாக முலாயிட் மலைக்கும் ஏறியிருக்கிறார். அவர் ஜெனோவாவுக்கு அனுப்பிய சிலந்திகளை 1887-இல் ஸ்வீடன்காரர் தாமெர்லான் தோரெல் விவரித்தார். யூஜின் ஓட்ஸ் சேகரித்து லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த தொகுப்பை வைத்து 1895-இல் பர்மியச் சிலந்திகளின் விவரப் பட்டியல் ஒன்றையும் தோரெலே வெளியிட்டார். அந்தப் பெயர்கள் இன்றும் பயன்படக் காரணம், குப்பிகள் இன்னும் இருக்கின்றன, சீட்டில் ஊர் எழுதியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து தகட்டைப் பார்க்கலாம். என் இருநூறு படங்களுக்கு அந்தத் தகுதி இல்லை.

ஆகவே வரைபடத்தைப் புதிதாகப் போட்டேன். நகரத்துக்குள் எடுத்த படங்களில் மீசைப் பட்டை தெளிவாகத் தெரிகின்ற பெண்களை மட்டும் வெனட்டோரியா என்று வைத்துக்கொண்டேன். மாதிரி உள்ள இடங்களுக்கு நிறைந்த புள்ளி, படம் மட்டும் உள்ள இடங்களுக்கு வெற்று வட்டம். மற்றவற்றைப் பேரினத்தோடு நிறுத்தினேன், சிலவற்றைக் குடும்பத்தோடு. மூன்று நிறப் புள்ளிகள் பூத்திருந்த வரைபடம் இப்போது வெளுத்துப்போய்விட்டது. ஒவ்வொரு குப்பிக்குள்ளும், வெளியில் ஒட்டாமல் உள்ளேயே, பென்சிலால் எழுதிய சீட்டு இருக்கிறது: ஊர், சுவரா மரமா தரையா, உயரம், நாள், கிடைத்த விதம். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதை இரண்டு குப்பிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. அந்த இரண்டிலும் இப்போது நீல நிறச் சிலந்திகள் இருக்கின்றன, ஊர் இல்லை.

ஒரு சிலந்தி மட்டும் உயிரோடு என்னிடம் இருக்கிறது. மாமாவின் தோட்டத்தில் மூங்கில் தோகைக்கு அடியில் கிடைத்தது. கண்கள் எட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, உடம்பு வைக்கோல் நிறம், வீட்டுச் சிலந்தியோடு எதிலும் சேரவில்லை. திருப்பிப் பார்த்தபோது தகடு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒரு தடிப்பு மட்டும் தெரிந்தது, அதாவது இன்னும் ஒரு சட்டை பாக்கி. ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியில் கொசுவலை கட்டி, உள்ளே ஒரு மூங்கில் துண்டைச் சாய்த்து, வாரம் இரண்டு சிறிய கரப்பான்களைப் போட்டுவந்தேன். ஒன்பது நாளாக அது எதையும் தொடவில்லை. நேற்று இரவு மின்சாரம் போன பிறகு பவர் பேங்க் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மூடிக்கு அடியில் ஓர் இழையைக் கட்டி, எட்டுக் கால்களையும் சேர்த்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கத் தொடங்கியிருந்தது.